பானெட் அனுமதித்த உயரம்

1960களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள், அமெரிக்கக் கார் நிறுவனங்கள் நடுத்தர அளவுள்ள வண்டியின் உடலில் பெரிய வி-8 எஞ்சினை ஏற்றி இளைஞர்களுக்கு விற்றன; மசில் கார் என்று சேகரிப்பாளர்கள் இன்று போற்றுபவை அவையே. அவற்றின் குதிரைத்திறனும் கால் மைல் ஓட்ட நேரமும் பேசப்படும் அளவுக்கு, எஞ்சினின் உச்சிக்கும் அதை மூடும் பானெட்டின் உட்புறத்துக்கும் இடையே வடிவமைப்பாளர்கள் விட்டுவைத்த சில அங்குல வெளி பேசப்படுவதில்லை. ஆனால் பழைய வண்டியொன்றைச் செப்பனிட்டு அதன் இன்டேக் மேனிஃபோல்டை மாற்ற முனைபவர் தம் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அந்த வெளிதான். எத்தனை குதிரைத்திறன் கூடும் என்ற கேள்வி அதற்குப் பின்னரே வரவேண்டும் என்பது, மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வடக்கே ஓக்லண்ட் கவுண்டியில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் நடந்த வேலையை உடனிருந்து கண்டபோது இக்கட்டுரையாசிரியருக்கு உறுதிப்பட்ட உண்மையாகும்.

கார்புரேட்டரில் பெட்ரோலோடு கலந்து இறங்கும் காற்றை எட்டு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டு அனுப்பும் வார்ப்புக் குழாய்த் தொகுதியே இன்டேக் மேனிஃபோல்டு. வி-8 எஞ்சினில் நான்கு நான்காக இருபுறமும் சாய்ந்து நிற்கும் சிலிண்டர் வரிசைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தின்மேல் அது அமர்கிறது. அதன்மேல் கார்புரேட்டரும், கார்புரேட்டரின்மேல் தூசியை வடிகட்டும் வட்டமான ஏர் கிளீனரும் அமர்கின்றன. ஆகவே மேனிஃபோல்டு ஓர் அங்குலம் உயர்ந்தால் அதற்கு மேலுள்ள அடுக்கு முழுவதும் ஓர் அங்குலம் உயர்ந்து பானெட்டை நெருங்கும். உயரமான மேனிஃபோல்டை ஏன் விரும்ப வேண்டும் என்று கேட்டால், அதற்கான விடை காற்றின் இயல்பிலேயே இருக்கிறது. ஓடுகிற காற்று வளைவுகளில் வேகம் இழக்கிறது. அதோடு சேர்ந்து வரும் பெட்ரோலின் நுண்துளிகளோ காற்றைவிடக் கனமானவையாதலால், குழல் சட்டென்று திரும்பும் இடத்தில் தாம் திரும்பாமல் சுவரில் மோதிப் படிந்துவிடுகின்றன. கார்புரேட்டர் உயரத்தில் இருந்தால் குழல்கள் சரிவாக இறங்கி, சிலிண்டர் ஹெட்டின் வாயிலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் சென்றடைய முடியும். தாழ இருந்தாலோ முதலில் கிடையாக ஓடிப் பின்னர் திடீரெனக் கீழ்நோக்கி மடங்க வேண்டியிருக்கும். பந்தயத்துக்கென வார்க்கப்படும் மேனிஃபோல்டுகள் உயர்ந்து நிற்பதற்கும், தொழிற்சாலை பொருத்தியவை தாழ்ந்து பரந்து கிடப்பதற்கும் காரணம் இதுவே.

ஷெட்டில் நின்ற வண்டி 1968ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. இந்த மாடலின் பிறப்பே ஒரு வரம்பை மீறியதில் நிகழ்ந்தது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்தபோது, பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடன் பணியாற்றியவர்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அல்லாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கான விருப்பத் தொகுப்பாக 1964இல் வெளியிட்டனர். முதலாண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. அக்காலத்து ஜி.டி.ஓ.வில் கூடுதல் விலைக்குக் கிடைத்த ட்ரை-பவர் என்னும் அமைப்பில், இரட்டைத் துளையுள்ள மூன்று ரோசெஸ்டர் கார்புரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்திருந்தன. மெல்ல ஓட்டும்போது நடுவிலுள்ளது மட்டும் இயங்க, ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை ஆழ அழுத்தும்போது மற்ற இரண்டும் திறந்துகொள்ளும். மூன்று சிறிய கார்புரேட்டர்களை நீளவாக்கில் பரப்பிவைத்தால் பானெட்டுக்குக் கீழே உயரம் கூடாமலே காற்றின் வழியை அகலமாக்க முடியும் என்பது அந்த அமைப்பின் மறைவான நன்மை. கார்வெட் போன்ற விலக்குகள் தவிரப் பிற வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர்களைத் தலைமையகம் தடைசெய்ததால், 1967ஆம் ஆண்டு மாடலில் ட்ரை-பவர் மறைந்தது. எஞ்சின் 400 கன அங்குலமாக வளர, நான்கு துளையுள்ள ஒற்றை ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர் அந்த இடத்தைப் பிடித்தது.

வண்டியின் உரிமையாளர், வார்ப்படச் சாலையில் மரத்தால் மாதிரி செய்யும் தொழிலில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர். உருகிய உலோகத்தை ஊற்றுவதற்கு முன் மணலில் வடிவத்தைப் பதிக்கும் மரவடிவமே மாதிரி எனப்படும். மேனிஃபோல்டைப் போல உள்ளே கூடாக இருக்க வேண்டிய பொருளுக்கு, அந்தக் கூட்டின் வடிவில் இறுகிய மணலால் தனிக் கருக்கள் செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அத்தொழிலில் பழகிய விரல்களுக்கு, வார்ப்பின் வாய்க்குள் நுழைந்து தடவியவுடன், இரண்டு கருக்கள் சேர்ந்த இடத்தில் ஒன்று சற்று நகர்ந்து விளிம்பு எழும்பியிருப்பது தெரிந்துவிடும். கடையில் பளபளக்கும் அலுமினிய மேனிஃபோல்டை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதன் வெளித்தோற்றத்தையும் விளம்பரத் தாளிலுள்ள எண்களையும் பார்க்கிறார்கள். அவர் உள்ளே பார்த்தார். பழைய வண்டிகளைப் பற்றிக் கட்டுரையாசிரியர் கற்றவற்றுள் பெரும்பகுதி அந்தப் பார்வையிலிருந்து வந்தது.

தேர்வுக்கு வந்தவை மூன்று. முதலாவது, வண்டியோடு பிறந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. இரண்டாவது, அதே உயரத்தை ஒட்டி அமையும் தாழ்ந்த வகை அலுமினிய மேனிஃபோல்டு. மூன்றாவது, உயரமான குழல்களைக் கொண்டதும் அதிகச் சுழற்சி வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டதுமான எடல்ப்ராக் பெர்ஃபார்மர் ஆர்.பி.எம். வகை, இதை நண்பர் ஒருவர் அளந்து பார்ப்பதற்கென்று கொடுத்திருந்தார். தெரு வண்டிகளை வேகவண்டிகளாக்கும் கலிபோர்னியப் பழக்கத்தில் எடல்ப்ராக் என்ற பெயருக்கு நெடிய வரலாறு உண்டு. விக் எடல்ப்ராக் தம் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டருக்காக 1938இல் வடிவமைத்த ஸ்லிங்ஷாட் என்னும் மேனிஃபோல்டிலிருந்தே அந்நிறுவனத்தின் உற்பத்தி தொடங்கியது. டெட்ராய்ட்டின் பெரிய நிறுவனங்களும் அதை நாடின. 1969ஆம் ஆண்டின் நடுவில் பிளிமத் ரோட் ரன்னர், டாட்ஜ் சூப்பர் பீ வண்டிகளில் 440 கன அங்குல எஞ்சினோடு வந்த மூன்று கார்புரேட்டர் அமைப்புக்கு அலுமினிய மேனிஃபோல்டை வார்த்துக் கொடுத்தது எடல்ப்ராக்தான். அந்த வண்டிகளில் பானெட் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது: கீலே இல்லாமல், நான்கு ஊசிகளால் பிடிக்கப்பட்டு, இருவர் சேர்ந்து தூக்கி எடுத்து வைக்க வேண்டிய கண்ணாடியிழைப் பானெட்டை, மேலே பெரிய காற்றுவாயுடன் பொருத்திவிட்டார்கள்.

மேனிஃபோல்டுகளை உயரத்தால் மட்டுமல்லாமல் உள்ளமைப்பாலும் பிரிக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் கலவை முதலில் வந்து சேரும் அறைக்குப் ப்ளீனம் என்று பெயர். சிங்கிள் பிளேன் வகையில் இந்த அறை ஒன்றே; எட்டுக் குழல்களும் அதிலிருந்தே புறப்படும். டூயல் பிளேன் வகையில் அறை நடுவே தடுக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியும் நான்கு சிலிண்டர்களுக்கு மட்டும் கலவை கொடுக்கும். ஒரு பாதியின் குழல்கள் மற்றதன்மேல் ஏறி இறங்கிச் செல்லும். இந்தப் பிரிவினை மனம்போன போக்கில் செய்யப்படுவதல்ல. பான்டியாக் எஞ்சினில் சிலிண்டர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் எரிகின்றன. அவ்வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 1, 4, 6, 7 ஒரு தொகுதியாகவும் 8, 3, 5, 2 மற்றொரு தொகுதியாகவும் அமையும். ஒரே வாய்க்காலிலிருந்து பாயும் வயல்களுக்கு முறைவைத்து நீர்விடுவதுபோல, ஒரு பாதி அறையிலிருந்து ஒரு சிலிண்டர் உறிஞ்சியபின், அடுத்த உறிஞ்சல் மறு பாதியிலிருந்து நிகழ்வதால், அண்டையிலுள்ள சிலிண்டர்கள் ஒன்றன் பங்கை மற்றொன்று பறிப்பது குறைகிறது. சுழற்சி குறைவாக இருக்கும்போது உறிஞ்சலின் விசை சிதறாமல் கார்புரேட்டரைச் சென்றடைகிறது. அதனால் பெட்ரோல் சீராகக் கலக்கிறது, சிக்னலில் நின்று புறப்படும் வண்டி தயங்காமல் இழுக்கிறது. சிங்கிள் பிளேன் வகை இந்த நயத்தை விட்டுக்கொடுத்து, நிமிடத்துக்கு ஐயாயிரம் ஆறாயிரம் சுழற்சிகளில் தடையற்ற ஓட்டத்தைப் பெறுகிறது. ஆட்டோமேட்டிக் கியரும் சாதாரண பின்னச்சு விகிதமும் உள்ள ஜி.டி.ஓ. தன் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதியை 3,500 சுழற்சிக்குக் கீழேயே கழிக்கும் என்பதால், சிங்கிள் பிளேன் என்ற பேச்சே அந்த ஷெட்டில் எழவில்லை.

எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்ததும் மனம் மேலும் தெளிந்தது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். ஆகவே 400 கன அங்குலத்தை 5,000 சுழற்சியால் பெருக்கி, 3,456ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 579 கன அடி வருகிறது. சிலிண்டர்கள் ஒவ்வொரு முறையும் முழுமையாக நிரம்புவதில்லையாதலால், எண்பத்தைந்து விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால் தேவை 492 கன அடியாகக் குறைகிறது. குவாட்ராஜெட்டோ 750 கன அடிவரை விடக்கூடியது. அதன் முன்னிரு துளைகள் சிறியவை, பின்னிரு துளைகள் மிகப் பெரியவை. நிதானமாக ஓட்டும்போது சிறிய துளைகள் மட்டும் இயங்கிச் சிக்கனம் காக்கும், தேவைப்படும்போது பெரியவை எஞ்சின் கேட்கும் அளவுக்கே திறக்கும். காற்றின் வழியில் இடுக்கு எங்கேயாவது இருந்தால் அது கார்புரேட்டரில் இல்லை என்பது இதனால் விளங்கியது. நான்கு துளைகளும் ஒத்த அளவுள்ள கார்புரேட்டருக்கென்று வார்க்கப்பட்ட மேனிஃபோல்டில் குவாட்ராஜெட்டை வைக்க வேண்டுமானால் இடையில் ஓர் அடாப்டர் தகடு தேவை. அந்தத் தகடும் உயரத்தை விழுங்கும் என்பதை வாங்குபவர்கள் பெட்டியைப் பிரித்த பிறகுதான் உணர்கிறார்கள்.

அளவெடுத்த விதமே இந்த நினைவுகளில் மிகுந்த தெளிவோடு நிற்பது. மேனிஃபோல்டின் உயரத்தை விளம்பரத் தாள்கள் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு எண்களில் தருகின்றன. எஞ்சின் பின்நோக்கிச் சில பாகை சரிந்து பொருத்தப்படுவதால், கார்புரேட்டர் மட்டமாக இருக்கும்பொருட்டு அது அமரும் மேடையை முன்பக்கம் தாழ்த்திப் பின்பக்கம் உயர்த்தி வார்ப்பதே அதற்குக் காரணம். ஆயினும் அந்த எண்களைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏனெனில் ஐம்பது ஆண்டுகளில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் அமுங்கியிருக்கலாம், பானெட்டின் கீல்கள் தளர்ந்திருக்கலாம், முன்பு யாரோ ஹெட்டுகளைச் சீவியிருக்கலாம். எனவே உரிமையாளர் பானெட்டைத் தாங்கும் ரப்பர்க் குமிழ்களை முதலில் சரிசெய்து, உடலின் விளிம்புகளோடு பானெட் சமமாகப் படிகிறதா என்று பார்த்த பின்னரே அளவில் இறங்கினார். ஏர் கிளீனரின் மூடியில் முன், பின், இடம், வலம், நடு ஆகிய இடங்களில், குழந்தைகள் உருவம் செய்யும் மெழுகுக் களிமண்ணைக் கூம்புகளாக நிறுத்தி, அவற்றின்மேல் ஒட்டாதிருக்க மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்தி, பானெட்டை மெதுவாக இறக்கிக் கொக்கி மாட்டும்வரை அழுத்தினார். மீண்டும் திறந்து, நசுங்கிய கூம்புகளைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து எஃகு அளவுகோலால் அளந்தபோது, பழைய இரும்பு மேனிஃபோல்டில் மிகக் குறைந்த இடைவெளி மூடியின் முன்விளிம்பில் கிடைத்தது. பானெட் முன்நோக்கிச் சரிவதாலும், அதன் உட்புறத்தில் விறைப்புக்காக ஒட்டப்பட்ட தகட்டுச் சட்டம் அங்கே குறுக்கிடுவதாலும் அப்படி நேர்கிறது. பானெட்டின் மேல் தகட்டை வெளியிலிருந்து பார்த்து மதிப்பிடுபவர்கள் தவறவிடுவது இந்தச் சட்டத்தைத்தான்.

அடுத்து உயரமான அலுமினிய மேனிஃபோல்டைப் போல்ட் இறுக்காமல் வைத்து அதே சோதனை செய்யப்பட்டது. கேஸ்கெட் இல்லாமல் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: மேனிஃபோல்டு அமரும் முகங்கள் சாய்வானவையாதலால், கேஸ்கெட்டின் கனம் எவ்வளவோ அதைவிடச் சற்று அதிகமாகவே மேனிஃபோல்டு மேலே எழும்பும். இரும்பு மேனிஃபோல்டைக் காட்டிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் அது உயர்ந்திருந்தது. ஏர் கிளீனரை வைத்ததும் முன்விளிம்பில் இருந்த கூம்பு தாளாக நசுங்கிவிட்டது. அடித்தட்டு கார்புரேட்டரின் கழுத்தைவிடத் தாழ்ந்து இறங்கும் வகை ஏர் கிளீனரைப் போட்டால், இழந்த வெளியில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மூன்று அங்குல வடிகட்டிக்குப் பதில் இரண்டு அங்குல வடிகட்டியை வைத்தால் மேலும் ஓர் அங்குலம் கிடைத்தது. பானெட் மூடியது. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுவார்கள்.

ஆனால் மெலிந்த வடிகட்டியை வைத்தபோது ஏர் கிளீனரின் மூடி கார்புரேட்டரின் வாய்க்கு மிக அருகில் வந்துவிட்டது. பக்கவாட்டில் நுழையும் காற்று, அந்த ஒடுங்கிய இடுக்கில் செங்குத்தாகத் திரும்பிக் கீழே இறங்க வேண்டும். வடிகட்டியின் பரப்பும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மேனிஃபோல்டின் குழல்களில் ஒரு வளைவைத் தளர்த்துவதற்காக, கார்புரேட்டரின் தலைமேல் அதைவிடக் கடுமையான வளைவொன்றை ஏற்படுத்தும் நிலை அது. மேனிஃபோல்டு, கார்புரேட்டர், ஏர் கிளீனர், பானெட் ஆகிய நான்கும் ஒரே காற்றுவழியின் பகுதிகள் என்பதையும், அவற்றுள் ஒன்றைத் தனியே பெரிதாக்கி இலாபம் காண இயலாது என்பதையும் கடைத்தாளில் எவரும் அச்சிடுவதில்லை. கட்டுரையாசிரியரின் மதிப்பீட்டில், பானெட்டின் உயரம் குறைந்த வண்டிகளில் உயர்ந்த மேனிஃபோல்டால் ஏற்படும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே பிறக்கின்றன.

இதற்கு மேல் எஞ்சினின் அசைவும் உண்டு. வேகமாக முடுக்கும்போது, முறுக்குவிசையின் எதிர்வினையால் எஞ்சின் முழுவதும் தன் ரப்பர் மவுண்டுகளின்மேல் உருண்டு, ஓட்டுநர் பக்கம் மேலே எழும்புகிறது. நின்ற நிலையில் போதுமானதாகத் தோன்றும் அரை அங்குல வெளி ஓட்டத்தில் காணாமல் போகலாம். இந்த அசைவு எவ்வளவு பெரிய விளைவைத் தரக்கூடும் என்பதற்குச் சான்று 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்த ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகள். செவ்ரோலே வண்டிகளில் மவுண்ட் அறுந்தால் எஞ்சின் மேலெழும்பி, த்ராட்டிலைத் திறந்த நிலையில் சிக்கவைக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டதே அந்நடவடிக்கைக்குக் காரணம். ஷெட்டில் இருந்த வண்டிக்குப் புதிய மவுண்டுகள் போடப்பட்டன. பனி உருகிச் சாலைகளில் தூவியிருந்த உப்பை மழை கழுவிய பின்னர், ஏர் கிளீனரின் இடவிளிம்பில் மட்டும் களிமண்ணை நிறுத்தி வண்டி சிறிது தூரம் ஓட்டப்பட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தபோது, நின்ற நிலையில் பதிந்த தடத்துக்குக் கீழே மேலும் ஆழமான இரண்டாம் தடம் பதிந்திருந்தது. மவுண்டுகள் புதியவையாக இருந்தும் அவ்வளவு அசைவு.

இந்த அசைவுச் சிக்கலை அக்காலப் பொறியாளர்கள் வெவ்வேறு விதமாகத் தீர்த்தனர். 1969இல் ஃபோர்டு முஸ்டாங்கிலும் 1970இல் பிளிமத் பாரகூடாவிலும் பானெட்டின் நடுவே ஒரு துளை வெட்டி, காற்றுவாயை ஏர் கிளீனரின் மேலேயே பொருத்தி வெளியே நீட்டினார்கள். எஞ்சின் ஆடும்போது காற்றுவாயும் சேர்ந்து ஆடும் என்பதால் அதற்கு ஷேக்கர் என்று பெயர் வந்தது. பான்டியாக்கே 1970இன் ட்ரான்ஸ் ஆம் வண்டியில், பின்பக்கம் பார்த்துத் திறந்த ஷேக்கரைப் பொருத்தியது. இரும்பையும் தகட்டையும் எதிரெதிரே நிறுத்தாமல், தகட்டிலேயே இரும்புக்கு வழிவிட்ட அந்தத் தீர்வு கட்டுரையாசிரியருக்கு அழகானதாகவே என்றும் தோன்றுகிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு எளிதில் கிடைக்கும் வழியோ, நடுவில் இரண்டு அல்லது நான்கு அங்குலம் உப்பிய கண்ணாடியிழைப் பானெட்டை வாங்கி மாட்டுவது; உட்சட்டத்தை அரத்தால் வெட்டி இடம் செய்பவர்களும் உண்டு. உரிமையாளர் இரண்டையும் மறுத்தார். இரு காற்றுவாய்களும் நீண்ட மூக்கும் கொண்ட அந்த மூலப் பானெட், 1968இல் மறைவான வைப்பர்களை மூடும்படி பின்விளிம்புவரை நீட்டி அழுத்தப்பட்ட ஒரே தகடு. அதை வெட்டிவிட்டால் மறுபடி பெற முடியாது என்பதே அவருடைய காரணம். அந்த மறுப்பு நியாயமானது.

எஞ்சியவை தாழ்ந்த அலுமினியமும் பழைய இரும்பும். எடையில் அலுமினியம் இரும்பைவிட மிகவும் குறைவு. முன்னச்சின்மேல் பாரம் குறைவது வளைவுகளில் உணரத்தக்க நன்மை என்பதால், அதைத் தேர்ந்திருந்தாலும் குறைசொல்ல இடமில்லை. ஆனால் பான்டியாக் இரும்பு மேனிஃபோல்டின் தரம் தனியே பேசத்தக்கது. செவ்ரோலே எஞ்சினில் மேனிஃபோல்டே நடுப்பள்ளத்தை மூடும் கூரையாக இருப்பதால், கீழிருந்து தெறிக்கும் சூடான எண்ணெய் அதன் அடிவயிற்றை ஓயாமல் நனைத்துச் சூடேற்றும், ஃபோர்டின் எஃப்.இ. வரிசையிலோ வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகள் மேனிஃபோல்டின் ஊடாகவே செல்வதால், அதைக் கழற்றுவது பாதி எஞ்சினைக் கழற்றுவதாகும். பான்டியாக்கில் பள்ளத்தை மூடத் தனித் தகடு இருக்கிறது. மேனிஃபோல்டு அதன்மேல் காற்றிடைவெளியோடு நிற்கிறது. பிற்காலத்து வேகவண்டி மேனிஃபோல்டுகள் புதுமையாக விளம்பரப்படுத்திய குளிர்ந்த அடிப்பகுதி, இதில் தொடக்கத்திலிருந்தே அமைந்திருந்தது. மேலும் அதன் குழல்கள் தாழ்வாக இருந்தும் பரந்தவை, வளைவுகள் மிதமானவை. மாதிரி செய்தவரின் விரல்கள் ஒவ்வொரு குழலையும் தடவிவிட்டு, உள்ளே இரண்டு இடங்களில் மட்டுமே கருவின் விளிம்பு எழுந்திருப்பதாகச் சொல்லின; சிறிய கல் சக்கரத்தால் அவற்றை மட்டம் செய்து, வாய்களைக் கேஸ்கெட்டின் வரையோடு பொருத்தியதற்கு மேல் அவர் எதையும் தொடவில்லை.

வெப்பவழி பற்றி இருவருக்கும் கருத்து வேறுபட்டது. கார்புரேட்டருக்கு அடியில் புகைக்காற்றைக் கடத்தி மேனிஃபோல்டைச் சூடாக்கும் குறுக்குப் பாதையொன்று அந்த இரும்பு வார்ப்பில் உண்டு. குளிர்ந்த காலையில் பெட்ரோல் குழல்களின் சுவரில் படியாமல் ஆவியாவதற்கு அது உதவுகிறது. கோடையில் மட்டும் ஓட்டுபவர்கள் மெல்லிய தகடு பதித்த கேஸ்கெட்டால் அதை அடைத்துவிடுவது வழக்கம். உள்ளே போகும் காற்று பத்து ஃபாரன்ஹீட் பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு திறன் கூடும் என்பதும், எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் சூட்டில் எளிதில் கொதித்துக் கார்புரேட்டரில் பொங்கும் என்பதும் அவர்கள் தரும் காரணங்கள். கட்டுரையாசிரியர் அடைக்கவே விரும்பினார். உரிமையாளரோ, குவாட்ராஜெட்டின் சோக்கை இயக்கும் வெப்பச்சுருள் மேனிஃபோல்டிலுள்ள குழியில் அமர்ந்து அந்தச் சூட்டை நம்பியே வேலை செய்கிறது என்றும், மிச்சிகனில் மே மாதக் காலையும் குளிர்ந்தே இருக்கும் என்றும் கூறித் திறந்தே விட்டார். பான்டியாக்கின் சொந்தப் பொறியாளர்களே 1969இன் ராம் ஏர் 4 எஞ்சினில் அலுமினிய மேனிஃபோல்டை வார்த்து, வெப்பப் பாதையை மட்டும் தனி வார்ப்பிரும்புத் துண்டாகப் பிரித்து வைத்தார்கள். திறனையும் குளிர்காலப் பயன்பாட்டையும் ஒருசேர விரும்பியவர்கள் கண்ட மிக நேர்மையான வழி அதுவே என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பொருத்தும் வேலையில் பான்டியாக்குக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. அறியாதவர்கள் அதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். மேனிஃபோல்டின் முன்முனையிலுள்ள நீர்ப்பாதை, எஞ்சினின் முகப்பு மூடியோடு ஒரு ரப்பர் வளையத்தின் வழியாகச் சேர்கிறது. நீண்ட போல்ட் ஒன்று மேனிஃபோல்டை முன்நோக்கி இழுத்து அந்த வளையத்தை அமுக்குகிறது. அந்த இழுப்பு போல்ட்டை முதலில் இறுக்கிய பின்னரே ஹெட்டுகளில் பதியும் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக இறுக்க வேண்டும். மற்றவற்றை முன்னே இறுக்கிவிட்டால் மேனிஃபோல்டு நகர முடியாமல், வளையத்தின் வழியே நீர் கசியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வாக்குவம் மீட்டரின் ஊசி நடுங்காமல் நின்றது. கேஸ்கெட்டின் ஓரங்களில் காற்று திருட்டுத்தனமாக நுழையவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். தொழிற்சாலை அளவிலான ஏர் கிளீனரும் அதைச் சுற்றிய ராம் ஏர் தட்டும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. பானெட்டின் காற்றுவாய்களிலிருந்து குளிர்ந்த காற்றை நேரே கார்புரேட்டருக்குக் கொண்டுசெல்லும் அந்தத் தட்டின் நுரைவிளிம்பு, பானெட்டின் அடியில் சீராகப் படிந்து இடைவெளியின்றி மூடிக்கொண்டது. உயரமான மேனிஃபோல்டோடு அந்தத் தட்டைப் பயன்படுத்தவே முடிந்திருக்காது. அதாவது குழல்களின் நேர்த்திக்காகக் குளிர்ந்த காற்றையே இழக்க வேண்டியிருந்திருக்கும்.

அளப்பதற்காக வந்த அலுமினிய மேனிஃபோல்டு கோடைக்கு முன்பே அதன் உடைமையாளரிடம் திரும்பியது. அவர் அதைத் தம் பெரிய கேட்டலினா வண்டியின் 455 கன அங்குல எஞ்சினில் பொருத்தினார். அதன் பானெட் அகன்று உயர்ந்தது என்பதால், மூன்று அங்குல வடிகட்டியோடு கூடிய முழு ஏர் கிளீனரும் களிமண் சோதனையில் எளிதாகத் தேறியது.